அலங்காரக் கேல்: விதையிலிருந்து குளிர்கால வாசல் வரை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒக்டோபர் பிறந்துவிட்டால் எங்கள் லண்டன் வீட்டு வாசலில் நின்று "இது என்ன பூ?" என்று கேட்காதவர்கள் குறைவு. அது பூ இல்லை, இலை. வெள்ளை, இளஞ்சிவப்பு, கத்தரிப்பூ நிறங்களில் ரோஜாபோல விரிந்து நிற்கும் அந்தக் கன்றுகளின் பெயர் அலங்காரக் கேல். கடையில் வளர்ந்த கன்று ஒன்றுக்குக் கொடுக்கும் காசில் விதைப் பாக்கெட் ஒன்று வாங்கினால் தெருவுக்கே கன்று கொடுக்கலாம். வாசலிலும் தொலைபேசியிலும் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், நான் சொல்லிவந்த பதில்களையும் இங்கே சேர்த்து எழுதியிருக்கிறேன். மாதக் கணக்கெல்லாம் லண்டனுக்கும் தென் இங்கிலாந்துக்கும் உரியது. மற்ற ஊர்க்காரருக்குக் கீழே தனியாக ஒரு பதில் உண்டு.

இது கேலா, கோவாவா?

இரண்டும்தான். கோவா (தமிழ்நாட்டில் முட்டைகோஸ்), கோலிஃபிளவர், நோக்கோல், புரொக்கோலி, கேல் எல்லாமே பிராசிக்கா ஒலரேசியா என்ற ஒரே இனத்தின் பிள்ளைகள். இலை ஓரம் சுருண்டு, பின்னல் வேலைபோல இருந்தால் அலங்காரக் கேல் என்பார்கள். இலை அகலமாக, ஓரம் வழவழப்பாக இருந்தால் அலங்காரக் கோவா என்பார்கள். வளர்க்கும் முறையில் வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இதை அலங்காரச் செடியாக்கியவர்கள் ஜப்பானியர்கள். கைபாரா எக்கென் என்ற ஜப்பானிய அறிஞரின், 1709இல் வெளிவந்த 'யமாதோ ஹொன்சோ' என்ற மூலிகை நூலில் இது "ஒல்லாந்தக் கீரை" என்ற பொருள்படும் பெயரில் வருகிறது. வெளியிலிருந்து வந்த கீரையை வேறொரு ஊர்க்காரர் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து, இலையையே பூவாக்கிவிட்டார்கள். இன்று அதன் ஜப்பானியப் பெயர் ஹபோதான். 'இலைப் பியோனி' என்று அர்த்தம் (பியோனி ஒரு பூ). புத்தாண்டுக்கு வாசலில் வைக்கும் செடி அது. நாங்கள் தைப்பொங்கலுக்கு வைக்கிறோம். மழையில் கோலம் நிற்காத ஊரில் வாசலுக்கு நிறம் வேண்டாமா?

நிறம் எதனால் வருகிறது?

குளிரால். இந்த ஒன்றை விளங்கிக்கொண்டால் மற்றக் கேள்விகளில் பாதிக்கு நீங்களே பதில் சொல்லிவிடுவீர்கள்.

கோடை முழுவதும் இந்தக் கன்று சாதாரண கீரைபோலப் பச்சையாகத்தான் நிற்கும். இரவு வெப்பநிலை 10 முதல் 13 பாகை செல்சியஸ் வரை இறங்கி, இரண்டு மூன்று கிழமை (வாரம்) அப்படியே தொடர்ந்தால் நடுக்குருத்தில் மாற்றம் தெரியும். சிவப்பும் ஊதாவும் அந்தோசயனின் என்ற நிறப்பொருளால் வருபவை. வெள்ளை வருவது, குளிரில் விரியும் இலைகளில் பச்சையம் சரியாக உருவாகாததால்.

முக்கியமான விஷயம்: நிறம் ஏறுவது குளிர் தொடங்கிய பிறகு நடுவிலிருந்து விரியும் புது இலைகளில். முன்பே விரிந்து முற்றிய வெளி இலைகள் கடைசிவரை பச்சைதான். அந்தப் பச்சை வட்டம்தான் நடு நிறத்தைத் தூக்கிக் காட்டுகிறது.

இன்னொன்று: நன்றாகக் குளிர்ந்தபின் செடி பெரிதாக வளராது. நவம்பரில் அது எந்த அளவோ, பெப்ரவரியிலும் ஏறக்குறைய அந்த அளவுதான். ஆகவே குளிர் வருமுன் கன்றைப் பெரிதாக்கி வைப்பதுதான் எங்கள் வேலை. நிறத்தைக் குளிர் பார்த்துக்கொள்ளும்.

எப்போது விதைப்பது?

ஜூன் கடைசியிலிருந்து ஜூலை நடுப்பகுதிக்குள். விதைத்த நாளிலிருந்து கன்று முழு அளவுக்கு வர பத்து முதல் பன்னிரண்டு கிழமை வேண்டும். செப்டெம்பர் முடிவில் ஒரு சாண் அகலக் கன்று கையில் இருக்கவேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் பார்த்தால் ஜூலையில் வந்து நிற்கும்.

வெயிலில் தக்காளியும் பயற்றங்காயும் பார்த்துக்கொண்டிருக்கும் நேரத்தில் குளிர்காலச் செடியை யார் நினைப்பார்கள்? அதனால்தான் பலர் தவறவிடுகிறார்கள். நான் முதல் வருடம் எதிர்ப்பக்கமாகத் தவறினேன். பொறுமையில்லாமல் மார்ச்சிலேயே விதைத்தேன். ஓகஸ்டில் அந்தக் கன்றுகள் முழங்கால் உயரத் தண்டும், உச்சியில் ஒரு கொத்து இலையுமாக நின்றன. அடி இலையெல்லாம் மஞ்சளாகி விழுந்திருந்தது. மிச்சத்தைப் புழு தின்றது. பிந்தி ஓகஸ்டில் விதைத்தால் கைக்குட்டை மடிப்பளவு கன்றுதான் கிடைக்கும். நிறம் வரும், நிறைவு இராது. சின்னச் சாடிக்கு அதுவும் அழகுதான் என்றாலும் நான் ஜூலை முதல் கிழமையைத்தான் சொல்வேன்.

எந்த விதை வாங்கலாம்?

'நகோயா' வகை நன்றாகச் சுருண்ட ஓரம் கொண்டது. தூரத்திலிருந்து பார்க்கவும் எடுப்பாக இருக்கும். 'ஒசாகா' அலையலையான இலை. 'பிஜியன்' தட்டையான இலையோடு தரையை ஒட்டிக் குந்தியிருக்கும், காற்று அடிக்கும் இடத்துக்கு ஏற்றது. 'பீகாக்' இலைகள் இறகுபோல ஆழமாகக் கிழிந்திருக்கும். 'கிரேன்' நெட்டையாக வளரும், வெட்டி ஜாடியில் வைப்பதற்கு.

முதல்முறை என்றால் நகோயா கலவைப் பாக்கெட் ஒன்று போதும். கலவையில் எது எந்த நிறம் என்று மூன்று இலைப் பருவத்திலேயே ஓரளவு தெரியும். கன்றைக் கையில் எடுத்து இலைக்காம்பைப் பாருங்கள். காம்பிலும் நரம்பிலும் ஊதாச் சாயல் ஓடினால் அது சிவப்பு அல்லது இளஞ்சிவப்பு. காம்பு வெளிறிய பச்சையாக இருந்தால் வெள்ளை. இது தெரியாமல் "நல்ல திடமான கன்று" என்று ஊதாக் காம்புகளை மட்டும் தெரிந்தெடுத்தால், வாசல் முழுக்க ஒரே நிறமாகிவிடும்.

விதைக்கும் முறை?

விதையைப் பார்த்தால் உங்களுக்குச் சிரிப்பு வரும், அச்சு அசல் கடுகு. கடுகுக் குடும்பம்தானே.

குழித்தட்டில் விதைப்பதே நல்லது. ஒரு குழிக்கு இரண்டு விதை, முளைத்ததும் திடமானதை விட்டு மற்றதைக் கத்தரியுங்கள். பிடுங்கினால் பக்கத்து வேரும் அசையும். விதைக்கும் மண்கலவை மென்மையாக இருக்கட்டும். முதலில் மண்ணை நனைத்து நீரை வடியவிட்டு, விதையை வைத்து, அரை சென்ரிமீற்றர் மண் தூவினால் போதும். 18 முதல் 21 பாகை வெப்பத்தில் நாலைந்து நாளில் இதய வடிவ வித்திலைகள் இரண்டு எட்டிப்பார்க்கும். பத்து நாளாகியும் ஒன்றும் இல்லையென்றால் மறுபடி விதையுங்கள், அதற்கு நேரம் இருக்கிறது.

ஜூலையில் கவனிக்கவேண்டியது குளிரை அல்ல, சூட்டை. கண்ணாடி அறைக்குள் தட்டை வைத்தால் நடுப்பகலில் 35 பாகை தாண்டும், விதை அப்படியே கிடந்து கெடும். நான் வெளியே, காலை வெயில் மட்டும் விழும் மதிலோரம் வைக்கிறேன். தண்ணீரைத் தட்டின் அடியிலிருந்து உறிஞ்ச விடுகிறேன். மேலே ஊற்றிக்கொண்டே இருந்தால் நாற்றின் கழுத்து கறுத்து, நூல்போல மெலிந்து, ஒரே இரவில் படுத்துவிடும்.

நாற்று நெட்டையாக வளர்ந்து சாய்கிறது. எறிந்துவிடவா?

எறியாதீர்கள். வெளிச்சம் போதாமல் எட்டிப் பார்க்கிறது, அவ்வளவுதான். அடுத்த சாடிக்கு மாற்றும்போது வித்திலை மண்ணைத் தொடும் அளவுக்குத் தண்டை ஆழமாக வையுங்கள். கோவாக் குடும்பம் இதைத் தாங்கும். ஆனால் நடுக்குருத்துக்குள் மண் போகக்கூடாது.

எப்போது, எத்தனை தரம் சாடி மாற்றுவது?

உண்மையான இலை இரண்டு மூன்று வந்ததும் 9 சென்ரிமீற்றர் சாடிக்கு. வேர் சாடியின் அடித்துளையில் தலைகாட்டியதும் அடுத்ததுக்கு. தாமதிக்கவேண்டாம்: வேர் சுற்றிக்கொண்டு இறுகிவிட்டால் கன்று "வளர்ந்தது போதும்" என்று நின்றுவிடும். பிறகு பெரிய சாடியில் வைத்தாலும் முன்போல அகலாது. பல கன்றுகள் சின்னதாகப் போவதற்கு விதையோ மண்ணோ காரணமில்லை, ஓகஸ்டில் வீட்டுக்காரர் விடுமுறைக்குப் போனதுதான்.

செப்டெம்பர் முடிவில் கடைசி இடத்தில் நடுங்கள். தரையில் என்றால் கன்றுக்குக் கன்று 30 சென்ரிமீற்றர். அடி இலை மண்ணைத் தொடும் ஆழத்தில், சுற்றிலும் கையால் நன்றாக இறுக்கி நடவேண்டும். தளர்ந்த மண்ணில் குளிர்காலக் காற்று ஆட்டியே வேரைப் பிரித்துவிடும். ஒரு நாளில் ஆறு மணிநேரமாவது வெயில் விழும் இடமாகப் பாருங்கள்.

புழு! ஒரே இரவில் இலை எல்லாம் சல்லடை. என்ன செய்வது?

வெள்ளை வண்ணத்துப்பூச்சி. இதற்குக் கோவா என்ன, கேல் என்ன, எல்லாம் ஒன்று. இரண்டு வகை வரும். பெரிய வெள்ளை மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக இடும். அதன் புழு கறுப்பும் மஞ்சளுமாகக் கூட்டமாகத் தின்னும், கண்ணுக்கு உடனே தெரியும். சின்ன வெள்ளை முட்டையைத் தனித்தனியாக இடும். அதன் புழு இலை நிறத்திலேயே, நடுநரம்போடு ஒட்டிப் படுத்திருக்கும். உண்மையில் அதுதான் ஆபத்து, ஏனென்றால் அது நடுக்குருத்துக்குள் போய்விடும். நிறம் வரவேண்டிய இலையே ஓட்டையாக விரியும். வெளி இலையில் ஓட்டை விழுந்தால் கிள்ளிவிடலாம், குருத்தில் விழுந்தால் அந்தக் கன்று அந்த வருடம் போனதுதான்.

நான் நாற்று வெளியே போகும் நாளிலேயே வலை போடுகிறேன். வளைத்த கம்பிகளின் மேல் நுண்ணிய வலை, ஓரங்களைக் கல் வைத்து அழுத்திவிடுவேன். வலை இலையைத் தொடக்கூடாது, தொட்டால் பூச்சி மேலே அமர்ந்தபடியே முட்டையிடும். வலைக்குள் இருந்தாலும் கிழமைக்கு ஒருமுறை இலையைத் திருப்பிப் பார்ப்பேன். முட்டையை விரலால் தேய்த்தால் முடிந்தது. மருந்து அடிக்கவேண்டி வந்ததே இல்லை. ஒக்டோபரில் பூச்சி ஓய்ந்ததும் வலையை எடுக்கலாம்.

அசுவினி சாம்பல் பூசியதுபோல இலை மடிப்பில் கூடும், தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவிவிடுங்கள். மழைக்காலத்தில் நத்தை. பனிக்காலத்தில் வேறு பச்சை கிடைக்காமல் புறாக்கள் வந்து கொத்தும். வாசற்படிக்கு வரப் பயப்படும் புறாக்கள் பின்தோட்டத்தில் பயப்படுவதில்லை. அங்கே மறுபடி வலை வேண்டும்.

உரம்?

ஓகஸ்ட் முடிவுவரை இரண்டு கிழமைக்கு ஒருமுறை நீர்த்த திரவ உரம். செப்டெம்பரில் குறைத்து, நடுக்குருத்து வெளிறத் தொடங்கியதும் முழுவதும் நிறுத்துங்கள். தழைச்சத்து மிஞ்சினால் செடி பச்சையம் செய்துகொண்டே இருக்கும், நிறம் பிந்தும் அல்லது மங்கும். ஒருமுறை பாசத்தில் செப்டெம்பர் கடைசியில் கோழி எருக் குளிகையைக் கைநிறையப் போட்டேன். டிசம்பர்வரை அந்தச் சாடிகள் மட்டும் கறிக்கு வளர்த்ததுபோல நின்றன. பக்கத்தில், ஒன்றும் போடாத கன்று கத்தரிப்பூ நிறத்தில்.

நவம்பர் ஆகியும் பச்சையாகவே நிற்கிறதே?

மூன்று இடத்தில் பாருங்கள். உரம் (மேலே சொன்னது). நிழல்: வெயில் குறைந்தால் பச்சை கூடும். சூடு: வீட்டுச் சுவரோடு ஒட்டி, கூரைக்குக் கீழே, வெப்பக் குழாய் வெளியே மூச்சுவிடும் இடத்தில் சாடி இருந்தால் அதற்குக் குளிரே படாது. ஒரு மீற்றர் முன்னால் திறந்தவெளிக்கு நகர்த்துங்கள், பத்து நாளில் வித்தியாசம் தெரியும். வீட்டுக்குள் வைத்தவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான்: தயவுசெய்து வெளியே வையுங்கள். இரக்கப்பட்டு உள்ளே எடுத்தால் கன்று நெட்டையாகி, நிறம் இழந்து, நாறும்.

உறைபனியில் செத்துப்போகாதா?

நன்றாக வேர்பிடித்த கன்று சுழியத்துக்குக் கீழே 10 பாகைவரை தாங்கும். உறைந்த காலையில் அதைப் பார்த்தால் மனசு பதறும். இலைகள் கறுத்த பச்சையாகி, ஈரத் துணிபோலத் தொங்கும். தொடாதீர்கள், வெந்நீர் ஊற்றாதீர்கள். உறைந்த இலையை வளைத்தால் கண்ணாடிபோல முறியும். பதினொரு மணிக்கு மேல் வெயில் பட்டதும் ஒவ்வொரு இலையாக நிமிரும். சுருண்ட ஓரங்களில் வெண்பனி அரிசிமாவுபோல ஒட்டியிருக்கும் அந்த அரைமணி நேரத்துக்காகவே நான் காலையில் தேநீரோடு வாசலில் நிற்பேன்.

லண்டனில் இதைக் கொல்வது குளிரைவிட ஈரம்தான். அடியில் தண்ணீர் தேங்கும் சாடியில் வேர் அழுகும். சாடியின் கீழ் தட்டு வைக்கவேண்டாம், இரண்டு கல்லில் தூக்கி வையுங்கள். கடும் குளிர் பல நாள் தொடர்ந்தால் சிறிய சாடிகளின் மண் கட்டியாக உறையும், அப்போது மட்டும் சாடியைச் சாக்கால் சுற்றுங்கள்.

அடி இலை மஞ்சளாகிறது, நாற்றம் வருகிறது. நோயா?

பெரும்பாலும் வயது. முதிர்ந்த இலை மஞ்சளாவது இயல்பு. ஆனால் விட்டுவைத்தால் மழையில் அழுகி, பழைய கோவா அவித்த வாடை வரும், நத்தையும் ஒதுங்கும். கிழமைக்கு ஒருமுறை மஞ்சள் இலையைக் காம்போடு பக்கவாட்டில் முறித்து எடுங்கள். டக்கென்று வந்துவிடும்.

சாடியில் வேறு என்ன சேர்த்து நடலாம்?

பான்சி, வயோலா, சைக்கிளமன், ஐவி. நடும்போதே அடியில் டியூலிப் கிழங்குகளைப் புதைத்துவிட்டால் வசந்தத்தில் கேல் களைக்கும் நேரத்தில் அது மேலே வரும். வெள்ளைக் கேலோடு ஊதா வயோலா என் விருப்பம். சாடியில் கன்றுகளை நெருக்கமாக வையுங்கள், குளிரில் அகலாது என்பதால் இடைவெளி விட்டால் இடைவெளியாகவே கிடக்கும்.

வெட்டி ஜாடியில் வைக்கலாமா?

கிரேன் போன்ற நெட்டை வகையை 10 முதல் 15 சென்ரிமீற்றர் நெருக்கத்தில் நட்டு, அடி இலையை அவ்வப்போது கழற்றி வந்தால் நீண்ட காம்பின் உச்சியில் ரோஜாபோல ஒரு தலை கிடைக்கும். இரண்டு கிழமை தாங்கும். தண்ணீரை இரண்டு நாளுக்கு ஒருமுறை மாற்றத்தான் வேண்டும், இல்லையென்றால் விருந்தாளி ஜாடியைப் பார்க்குமுன் மணத்தை அறிவார்.

சாப்பிடலாமா?

நீங்களே விதைத்து, மருந்து அடிக்காமல் வளர்த்தது என்றால் சாப்பிடலாம். கடையில் வாங்கிய அலங்காரக் கன்றைச் சாப்பிடவேண்டாம், அது உணவுக்கென்று வளர்க்கப்பட்டதல்ல, என்ன மருந்து பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது.

ருசியில் கறிக் கேலைவிடக் கசப்பும் தடிப்பும் கூட. உறைபனி பட்டபின் குளிரைத் தாங்க இலையில் சர்க்கரை கூடுவதால் கசப்பு குறையும். இளம் நடு இலைகளை மெல்லியதாக அரிந்து, தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சைமிளகாய் போட்டு வறை செய்யலாம். ஊதா இலை சட்டியில் சூடேறியதும் நீலம் பாரித்துப் பயமுறுத்தும். அடுப்பை அணைத்துத் தேசிக்காய்ப்புளி (எலுமிச்சைச் சாறு) விட்டால் கண்முன்னே இளஞ்சிவப்புக்குத் திரும்பும். அந்தோசயனின் புளிப்பில் சிவக்கும் பொருள். எங்கள் வீட்டுச் சிறுவர்கள் கேல் சாப்பிடுவது அந்த வித்தையைப் பார்ப்பதற்காகத்தான்.

ரொறன்ரோவில், ஊட்டியில், நுவரெலியாவில், சென்னையில்?

ரொறன்ரோவில் குளிர் முந்தி வருகிறது. ஜூன் கடைசியில் விதைத்து ஓகஸ்ட் முடிவில் நட்டுவிடுங்கள். ஒக்டோபர், நவம்பர் மிக அழகாக இருக்கும். டிசம்பரில் கடும் உறைவு தொடங்கியதும் முடிந்துவிடும், அதைத் தோல்வியாக நினைக்கவேண்டாம்.

ஊட்டி, கொடைக்கானல், நுவரெலியாவில் இரவுக்குளிர் உண்டு, ஆகவே நிறமும் வரும். மழை ஓயும் காலத்தில் விதைத்தால் ஜனவரிக்குத் தயாராகும். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் மார்கழி இரவுகூட 20 பாகைக்கு அண்மையில்தான். கன்று வளரும், பச்சைக் கீரையாக. அங்கே உள்ளவர்களுக்கு இதற்காகச் செலவழிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது. இலை நிறம் வேண்டுமென்றால் குரோட்டன் இருக்கிறது, வெயிலிலேயே நிறம் காட்டும்.

மார்ச்சில் நடுவிலிருந்து தண்டு நீள்கிறது. விதை எடுக்கலாமா?

இது ஈராண்டுச் செடி. குளிர்காலத்தைக் கடந்ததும் பூக்கத்தான் பார்க்கும். நடு ரோஜா கோபுரம்போல உயர்ந்து, நாலு இதழ் மஞ்சள் பூக்கள் வரும், கடுகுப் பூவேதான். ஏப்ரலில் தேனீக்களுக்கு அது விருந்து, அதனால் நான் இரண்டு கன்றை விட்டுவைப்பேன்.

விதை எடுப்பது பயன் தராது. நல்ல வகைகள் பெரும்பாலும் எஃப்1 கலப்பினம் (இரண்டு வகைகளைக் கலந்து எடுத்த முதல் தலைமுறை), அடுத்த தலைமுறை தாயைப்போல வராது. தன் மகரந்தத்தில் சரியாகக் காய்க்காத இனம் என்பதால் அயலில் பூக்கும் கோவா, கறிக் கேலோடு கலந்தும் விடும்.

பூ முடிந்ததும் வேரோடு பிடுங்கி மண்ணை உதறிப் பாருங்கள். வேர் மெல்லிய நார்களாக இருந்தால் நறுக்கி எருக்குழியில் போடலாம். இஞ்சிக் கிழங்குபோல வீங்கியிருந்தால் அது வேர்முண்டு நோய். எருக்குழியில் போடாமல் குப்பையில் போட்டு, அந்த இடத்துக்குச் சுண்ணாம்பு தூவி, பல வருடங்களுக்குக் கோவாக் குடும்பத்தில் எதையும் அங்கே நடாதீர்கள். அடுத்த ஜூலை விதைப்பைச் சாடியிலேயே, புது மண்ணில் வைத்துக்கொள்ளுங்கள்.